70 மணி நேரம் உழைத்தால் நாடு பணக்கார நாடாகுமா? நம்ம குமரி மாவட்டத்துக் கணக்கு

வேளிமலை (குலசேகரம்)

இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில், நம் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் அதை 90 மணி நேரம் ஆக்கினார். அப்போதிருந்து டீக்கடை, கல்யாண வீடு, வாட்சாப் குழு என்று எங்கே போனாலும் இந்தப் பேச்சு அடங்கவில்லை. நாராயண மூர்த்தி பேச்சின் முதல் பாதியை நான் ஏற்கிறேன். உழைப்பின் உற்பத்தித்திறனில் இந்தியா மிகவும் கீழே இருக்கிறது என்றார்; உண்மைதான். ஆனால் நேரத்தைக் கூட்டினால் அந்தக் குறை தீரும் என்பது தவறான கணக்கு. அந்தக் கணக்கை நம் மாவட்டத்துத் தொழில்களை வைத்தே பேச வேண்டும் என்றுதான் இந்த உரையாடல் இழை.

ஒரு நாட்டில் தலைக்கு எவ்வளவு வருமானம் என்பது மூன்று எண்களைப் பெருக்கினால் வரும். மக்களில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் எத்தனை மணி நேரம் செய்கிறார். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மதிப்பு உண்டாகிறது. முதல் இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. எல்லாரும் வேலைக்குப் போனாலும் நூறு பேர் நூறு பேர்தான். நாளுக்கு 24 மணி நேரம்தான், அதில் தூங்கவும் வேண்டும். மூன்றாவது எண்ணுக்கு மட்டும் கூரை கிடையாது. அது ஆண்டுக்கு 2 சதவீதம் வளர்ந்தால் 35 ஆண்டில் இரட்டிப்பாகும். 7 சதவீதம் வளர்ந்தால் பத்தே ஆண்டு. ஒரு தலைமுறைக்குள் ஏழை நாடு பணக்கார நாடானது எங்கெல்லாம் நடந்ததோ அங்கெல்லாம் இந்த மூன்றாவது எண்தான் பெரிய வேலையைச் செய்தது.

ஜெர்மனியில் ஒரு தொழிலாளி ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,340 மணி நேரம் வேலை செய்கிறார். மெக்சிகோவில் சுமார் 2,200. எந்த நாடு வசதியானது என்று சொல்லத் தேவையில்லை.

நம் ஊரில் சோம்பேறித்தனத்தால் யாரும் ஏழையாக இல்லை. ரப்பர் வெட்டுகிறவர் கோழி கூவும் முன்னே நெற்றி விளக்கோடு தோட்டத்தில் நிற்கிறார். பனையேறி ஒரே பனையில் நாளுக்கு இரண்டு மூன்று தடவை ஏறி இறங்குகிறார். இவர்களைவிடக் கடுமையாக ஒரு மனிதன் உழைக்க முடியாது. அப்படியும் ஏன் கையில் நிற்கவில்லை?

தொழில் தெரிந்தவர்கள் எழுதுங்கள். உங்கள் தொழிலில் ஒரு மணி நேர வேலையின் மதிப்பு கடந்த இருபது ஆண்டில் கூடியதா? எதனால் கூடியது? கூடியது யார் கைக்குப் போனது?

கருங்கல் கடை

தம்பி, நீங்கள் எழுதியது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் தொழில் நடத்திப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். எங்கள் குடும்பத்துக்கு அண்டி ஆபீஸ், அதாவது முந்திரிப் பருப்பு ஆலை, இருந்தது. ஆர்டர் வந்தால் தேதிக்குள் சரக்கு போக வேண்டும். திங்கள்கிழமை பாதிப் பேர் வரமாட்டார்கள். ஜப்பானும் கொரியாவும் எழுந்து நின்றபோது எட்டு மணி நேரம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போனார்களா? முதலில் வியர்வை, அப்புறம்தான் வசதி. ஜெர்மன்காரன் இன்றைக்குக் குறைவாக வேலை செய்கிறான் என்றால் அவன் தாத்தா கூடுதலாகச் செய்திருக்கிறான்.

கோட்டாறு வாத்தியார்

கருங்கல் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கொரியாவில் 1960-கள், 70-களில் ஆலைத் தொழிலாளர்கள் வாரம் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதே காலத்தில் நம் நாட்டுச் செங்கல் சூளையிலும் பீடிக் கொட்டகையிலும் அதே அளவு நேரம் வேலை நடந்தது. அங்கே நடந்து இங்கே நடக்காதது எது என்று பார்க்க வேண்டும்.

கொரியாவில் முதலில் நிலச்சீர்திருத்தம் நடந்தது. அடுத்து எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கூடம் போனார்கள். பிறகு வயலில் இருந்த ஆட்கள் பெருங்கூட்டமாக ஆலைக்கு மாறினார்கள். முதலில் விக்கும் துணியும் செய்தவர்கள் அப்புறம் எஃகு, கப்பல், மின்னணுப் பொருள் என்று மேலே ஏறிக்கொண்டே போனார்கள். அதே ஆள் அதே ஒரு மணி நேரத்தில் விக் பின்னுவதற்குப் பதில் கப்பலுக்கு வெல்டிங் வைத்தால் மதிப்பு எங்கேயோ போய்விடும். அந்த நாடே 2018-இல் வாரத்துக்கு 52 மணி நேரம்தான் உச்சவரம்பு என்று சட்டத்தை மாற்றிவிட்டது.

இந்தியாவில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ 46 சதவீதம் பேர் இன்றும் விவசாயத்தில். ஆனால் நாட்டின் மொத்த மதிப்பில் விவசாயத்தின் பங்கு 18 சதவீதம் அளவுதான். கிட்டத்தட்டப் பாதிப் பேர் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கைக்கூட உண்டாக்க முடியவில்லை. அந்த 46-ஐ வாரத்துக்கு 70 மணி நேரம் வயலில் நிறுத்தினால் நெல் அதிகமாக விளையுமா? நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். இரண்டிலும் வேலை இருக்கிற நாட்கள் எண்ணி வைத்ததுதான். மற்ற நாளில் வேலையே இல்லை.

இன்னொன்று, திங்கள்கிழமை ஆள் வருவதில்லை என்று கருங்கல் சொன்னாரே. 1913-இல் அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டுக்கும் அதே மாதிரிப் பிரச்சினை. நகரும் அசெம்பிளி வரிசை வைத்து, ஒரு கார் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல் ஆனதை ஒன்றரை மணி நேரத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் அந்த வேலையின் சலிப்பில் ஆட்கள் ஓடினார்கள். அந்த ஆண்டு ஆள் மாற்றம் 370 சதவீதம், அதாவது ஒரு இடத்துக்கு மூன்றரை பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் அவர் நேரத்தைக் கூட்டவில்லை. நாள் சம்பளத்தை 5 டாலராக ஏற்றி, 9 மணி நேர வேலையை 8 ஆகக் குறைத்தார். ஆட்கள் நின்றார்கள்.

இரணியல் பாசஞ்சர்

வாத்தியார் சார், நம் சட்டசபையிலேயே 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு மசோதா நிறைவேறியதே, அது என்ன ஆனது?

கோட்டாறு வாத்தியார்

தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார்.

மார்த்தாண்டம் மலர்

கருங்கல் அண்ணன் திங்கள்கிழமை ஆள் வராததைப் பற்றி எழுதியதால் நான் எழுதுகிறேன். நான் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அண்டி ஆபீசில் வேலை பார்த்தவள். என் அம்மாவும் அதே வேலைதான். உடைப்பு, பீலிங் (தோல் எடுப்பது), கிரேடிங் (தரம் பிரிப்பது) மூன்றும் எனக்குத் தெரியும்.

உடைக்கிற இடத்தில் கொட்டைத் தோட்டின் எண்ணெய் கையைப் பொத்துப் போட்டுவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்போம். பீலிங்கில் எல்லாமே விரல் நகமும் சின்னக் கத்தியும்தான். கூலி கிலோ கணக்கு. பருப்பு உடையாமல் முழுசாக வந்தால்தான் விலை, உடைந்தால் திட்டு. இப்போது வேளிமலை கேட்ட கேள்விக்கு வருகிறேன். என் அம்மா ஒரு நாளில் எவ்வளவு தோல் எடுத்தாரோ அதே அளவுதான் நானும் எடுத்தேன். ஏனென்றால் அவர் கையில் இருந்த கத்திதான் என் கையிலும் இருந்தது. அவர் உட்கார்ந்த தரையில்தான் நானும் உட்கார்ந்தேன். முப்பது வருடத்தில் மாறியது கூரை மட்டும். ஓடு போய் ஷீட் வந்தது, வெக்கை கூடியது.

ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கச் சொன்னால் இருப்போம். ஆனால் சாயங்காலம் எடுக்கிற பருப்பில்தான் உடைசல் அதிகம். கண்ணும் விரலும் சோர்ந்த பிறகு வருகிற வேலை அப்படித்தான் இருக்கும். இது எல்லா மேஸ்திரிக்கும் தெரியும்.

திங்கள்கிழமை ஏன் வரவில்லை என்று யாரும் எங்களிடம் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு வாரத்துத் துணி, விறகு, ரேஷன், மாமியார் வீட்டு விசேஷம் எல்லாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பார்த்துக்கொள்ள ஆபீசில் ஆள் இல்லை. சில ஆபீசில் பிள்ளைகளை விட ஒரு அறையும் ஒரு ஆயாவும் வைத்திருந்தார்கள். அங்கே ஆள் வராத பேச்சே இல்லை.

கருங்கல் கடை

மலரம்மா, நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. உடைசல் விஷயம் என் அப்பாவும் சொல்வார். ஆனால் எங்கள் பக்கமும் கேளுங்கள். இங்கே விளைகிற கொட்டை ஆபீசுக்குச் சில மாதத்துக்குக்கூடக் காணாது. ஐவரி கோஸ்ட், தான்சானியா என்று ஆப்பிரிக்காவில் இருந்து வர வேண்டும். கொட்டை வாங்கவே வங்கிக் கடன் முழுவதும் போய்விடும். மெஷினுக்கு எங்கே போவது? அன்றைக்கு வந்த மெஷின் பருப்பை உடைத்தது. முழுப் பருப்புக்கும் உடைசலுக்கும் விலையில் இருக்கிற வித்தியாசத்தில்தான் எங்கள் லாபமே இருந்தது. கையால் எடுத்தால் முழுசாக வரும், ஆளும் கிடைத்தார்கள், அதனால் விட்டுவிட்டோம்.

வேளிமலை

"ஆளும் கிடைத்தார்கள், அதனால் விட்டுவிட்டோம்" என்றீர்கள் அண்ணே. நான் இத்தனை நேரம் சொல்லத் தவித்தது இதுதான்.

நம் மாவட்டத்துக்கு இத்தனை அண்டி ஆபீஸ் எப்படி வந்தது? கொல்லத்தில் சங்கம் வலுத்து, கேரள அரசு குறைந்தபட்சக் கூலியை ஏற்றியபோது, அங்கிருந்த முதலாளிகள் பலர் எல்லை தாண்டி இங்கே வந்தார்கள். இங்கே கூலி குறைவு. அதாவது தொழில் இங்கே வந்தது நம் திறமையைப் பார்த்து மட்டும் இல்லை, நம் கூலி மலிவாக இருந்ததால். கூலி மலிவாக இருக்கும்வரை மெஷின் வாங்க யாருக்கும் அவசரம் இல்லை. வியட்நாம்காரர்கள் அதே காலத்தில் உடைக்கவும் தோல் எடுக்கவும் சொந்தமாகவே மெஷின் செய்து, உடைசல் குறையும்வரை திருத்திக்கொண்டே இருந்தார்கள். 2006-இல் முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவைத் தாண்டி முதலிடத்துக்குப் போனார்கள். இப்போது நம் ஆபீஸ்கள் பல பூட்டிக் கிடக்கின்றன. மலிவுக் கூலி தொழிலையும் காப்பாற்றவில்லை, தொழிலாளியையும் காப்பாற்றவில்லை.

இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் நூற்பு இயந்திரம் வந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று அங்கே கூலி உயர்வாக இருந்தது. ஒரு ஆளை மிச்சப்படுத்தினால் பெரிய காசு மிச்சம். அதே இயந்திரத்தை அன்று இந்தியாவில் வைத்திருந்தால் நட்டம்தான், ஏனென்றால் இங்கே நூற்கிற கைக்கு விலையே இல்லை. கூலி ஏறினால் தொழில் நொடித்துப்போகும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் சொல்கிறேன், கூலி ஏறாமலே இருப்பதும் ஒரு தொழிலை மெதுவாகக் கொல்லும்.

கருங்கல் கடை

மெஷின் வந்திருந்தால் மலரம்மாவுக்கு வேலை இருந்திருக்குமா? அதையும் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் மலர்

எல்லாருக்கும் இருந்திருக்காது. ஆனால் இப்போதும்தான் இல்லையே அண்ணே. என் கூட இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது நூறு நாள் வேலையை நம்பி இருக்கிறார்கள். மெஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தால் நான் ஓட்டியிருப்பேன். பத்தாம் வகுப்பு பாஸ் ஆனவள் நான். என்னை ஏன் தரையிலேயே உட்கார வைத்தார்கள்?

தூத்தூர் தங்கல்

கடல் பக்கத்துக் கணக்கு கொஞ்சம் வேறு. எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் ஆழ்கடலுக்குப் போனால் ஒரு மாதம், அதற்கு மேலும் ஆகும். குஜராத் வரை, அதையும் தாண்டிப் போவார்கள். என் தாத்தா கட்டுமரத்தில் பாய் கட்டிப் போனவர். அவர் காலத்துக்கு இப்போது ஒரு ஆள் பிடிக்கிற மீன் எத்தனையோ மடங்கு. எஞ்சின், ஜிபிஎஸ், மீன் காட்டும் கருவி, ஐஸ் எல்லாம் வந்துவிட்டது. வேளிமலை கேட்ட மணி நேர மதிப்பு கூடியதா என்றால், கூடியது. சந்தேகமே இல்லை.

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, எல்லாரும் எஞ்சின் வைத்தால் மீன் கூடாது. கடல் ஒன்றுதான். ஒரு போட்டின் திறன் கூடும்போது பக்கத்து போட்டுக்கு மீன் குறையும். அப்புறம் எல்லாரும் இன்னும் தூரம் போக வேண்டும், இன்னும் டீசல் எரிக்க வேண்டும். ஆலையில் மெஷின் வைப்பதும் கடலில் மெஷின் வைப்பதும் ஒன்றல்ல. அதனால்தான் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம் வைத்து விசைப்படகை நிறுத்துகிறார்கள். அந்த இரண்டு மாதம் வேலை செய்யாமல் இருப்பதால்தான் மீதிப் பத்து மாதம் வேலை இருக்கிறது. நேரம் கூடினால் உற்பத்தி கூடும் என்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பிடித்த மீனின் விலை. முப்பது நாள் உயிரைக் கொடுத்துப் பிடித்த சூரையை ஐஸ் சரியாக வைக்காமல் கொண்டுவந்தால் கருவாட்டு விலைதான். நன்றாக வைத்தால் அதே மீன், அதே உழைப்பு, விலை மேலே போகும். மணி நேரத்தின் மதிப்பைக் கூட்ட எங்களுக்கு இன்னொரு மணி நேரம் தேவையில்லை. நல்ல ஐஸ் அறையும், துறைமுகத்தில் வந்த உடனே இறக்க இடமும் வேண்டும். கரையில் காத்துக் கிடக்கிற நேரத்தில்தான் எங்கள் காசு போகிறது.

முன்பு வட்டிக்குக் கொடுத்தவனே மீனையும் எடுப்பான், அவன் சொன்னதுதான் விலை. 1970-களில் கோட்டாறு சமூக சேவைச் சங்கம் தொடங்கிவைத்த வேலையில் ஊர் ஊராக மீனவர் சங்கம் வந்து, சங்கமே ஏலம் போட்டுச் சேமிப்பும் கடனும் பார்த்தது. மீன் கூடவில்லை, வலை மாறவில்லை, ஆனால் மீனவன் கைக்கு வந்த காசு கூடியது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

2017 நவம்பரில் ஓகி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சேதி சொல்ல வழி இல்லை. எத்தனை வீட்டில் ஆள் இல்லை என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். சேதி போய்ச் சேர்வதும் உழைப்பின் கணக்கில்தான் வரும். உயிரோடு திரும்புகிறவன்தான் அடுத்த வருடமும் மீன் பிடிப்பான்.

வேளிமலை

தங்கல் அண்ணே, சங்கம் மாற்றியது பங்கை. உற்பத்தி அதே அளவுதான், பிரிப்பது மாறியது. ஆனால் பங்கு நியாயமாக வந்தால்தான் மீனவன் ஐஸ் பெட்டி வாங்குவான், பிள்ளையைப் படிக்கவைப்பான். பிரிப்பு அடுத்த சுற்று உற்பத்தியை மாற்றும். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பேசுகிற பொருளாதாரம் எனக்குப் பிடிப்பதில்லை.

மணல்காற்று (இப்போது துபாய்)

மக்களே, கொத்தனார் ஒருவன் எழுதலாமா? சொந்த ஊர் தக்கலைப் பக்கம். இருபது வயதில் இருந்து கரணை பிடிக்கிறேன்.

ஊரில் வீடு கட்டும்போது என் நாள் எப்படிப் போகும் என்றால், காலையில் போனால் மணல் வந்திருக்காது. மணல் வந்தால் சிமெண்ட் இருக்காது. கட்டுகிற வீட்டுக்காரர் வந்து ஜன்னலை இந்தப் பக்கம் மாற்று என்பார். நேற்றுக் கட்டியதை இடிப்போம். மழை பெய்தால் வீட்டுக்கு. இங்கே அதே நான், அதே கை. கலவை லாரியில் வருகிறது. கல் கிரேனில் மாடிக்கு ஏறுகிறது. எந்தச் சுவர் எந்த நாளில் என்று வரைபடத்தில் இருக்கிறது. சாரம் இரும்பு, ஆடாது. ஊரில் ஒரு நாளில் கட்டுவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இங்கே கட்டுகிறேன். நான் திறமை கூடி வந்தவன் இல்லை. என்னைச் சுற்றி இருப்பது மாறியது.

இங்கேயும் ஜூன் நடுவில் இருந்து செப்டம்பர் நடுவரை மதியம் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்யக் கூடாது என்று சட்டம். கோடிக்கணக்கில் கட்டடம் கட்டுகிற நாடே அந்த இரண்டரை மணி நேரத்தை விடுகிறது.

ஆனால் குறையும் சொல்ல வேண்டும். நான் கட்டுகிற சுவரின் மதிப்புக்கும் எனக்கு வருகிற சம்பளத்துக்கும் தூரம் அதிகம். முதல் தடவை வந்தபோது ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனை அடைக்கவே நாள் போனது.

கோட்டாறு வாத்தியார்

மணல்காற்று எழுதியதைப் பாடமாகவே வைக்கலாம்.

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நாகர்கோவிலில் முடி வெட்டுகிறவரும் சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில் முடி வெட்டுகிறவரும் ஒரு தலைக்கு எடுத்துக்கொள்வது அதே அரை மணி நேரம்தான். ஜூரிச்காரருக்கு ஏன் பல மடங்கு சம்பளம்? அந்த நாட்டில் மருந்து ஆலையிலும் கடிகார ஆலையிலும் ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பு ஏறிவிட்டது. முடி வெட்டுகிறவருக்கும் அதற்கு ஈடாகக் கொடுக்காவிட்டால் அவர் கடையைப் பூட்டிவிட்டு ஆலைக்குப் போய்விடுவார். வில்லியம் பௌமால் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1960-களில் இதை விளக்கினார். நம் ஊர் நர்ஸ் பிள்ளைகள் வெளிநாடு போனதும் சம்பளம் மாறுவதும் இதே காரணத்தால்தான். அவர்கள் ஊசி போடுகிற வேகம் மாறவில்லை.

ஆகவே ஒருவருடைய கூலி அவர் கையில் மட்டும் இல்லை, அவரைச் சுற்றி இருக்கிற ஊரின் சராசரியில் இருக்கிறது. சில துறைகளில் திறன் ஏறினாலே போதும், எல்லாருடைய கூலியும் ஏறும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கடையைப் பூட்டிவிட்டுப் போக இன்னொரு வேலை இருக்க வேண்டும். மலர் அக்காவுக்கு அந்த இன்னொரு வேலை இல்லை. அதனால்தான் அவர் கூலி முப்பது வருடமாக அசையவில்லை.

ஆரல் காற்று

சார் சொன்னதும் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். படிப்பு வந்தால் உற்பத்தித்திறன் வரும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வந்தது, ஆனால் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும். என் வகுப்பில் படித்தவர்களில் ஊரில் இருப்பவர்கள் மிகச் சிலர். அனுப்புகிற காசு இங்கே வீடாகவும் நகையாகவும் நிற்கிறது. அந்தக் காசில் ஒரு பட்டறை, ஒரு குளிர்பதன அறை, ஒரு ரப்பர் பொருள் ஆலை என்று போட்டிருந்தால் அது இன்னும் பத்துப் பேருக்குக் கருவியாக இருந்திருக்கும். கட்டிய வீட்டுக்குள் கருவி எதுவும் இல்லை.

நான் முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன், ஊருக்குத் திரும்பி வந்தவன். பழைய சின்னக் காற்றாலைகள் நிற்கிற இடத்தில் புதிய பெரியது ஒன்று வைத்தால், அதே ஆள் பார்க்கிற அதே நேரத்தில் மின்சாரம் பல மடங்கு. ஆனால் உயரம் ஏறி வேலை செய்யப் பயிற்சி பெற்றவர்களை வெளியில் இருந்து கொண்டுவருகிறார்கள். நம் ஐடிஐ-களில் இதைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

மார்த்தாண்டம் மலர்

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில்தான் என்கிறார்கள். என் மகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் ஆலையில் இருக்கிறாள். அவள் ஒரு மாதத்தில் வாங்குவதை நான் எத்தனை மாதம் தோல் எடுத்தாலும் வாங்க முடியாது. அவள் என்னைவிட அதிக நேரம் வேலை செய்யவில்லை. அந்த ஆலை ஒன்று நம் மாவட்டத்தில் இருந்தால் அவள் விடுதியில் இருக்க வேண்டாம், நானும் போய்ப் பேக்கிங்காவது செய்வேன்.

திற்பரப்பு வெட்டு

இழை முழுவதும் படித்தேன். ரப்பர் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான்.

ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டு. ஒரு நாளில் முந்நூறு, முந்நூற்றைம்பது மரம். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி. மழை நாளில் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. விலை 2011-இல் கிலோ 240 ரூபாயைத் தொட்டது, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே வந்தது. என் கத்தி அதே கத்தி, மரம் அதே மரம். என் ஒரு மணி நேரத்தின் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. அதற்கும் என் உழைப்புக்கும் என்ன சம்பந்தம்? தோட்டக்காரர் பலர் வெட்டையே நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் 70 மணி நேரக்காரர்களுக்கு ஒன்று. ரப்பர் மரத்தைத் தினமும் வெட்டினால் முதல் கொஞ்ச நாள் பால் கூடும். பிறகு பட்டை வறண்டு, வெட்டினாலும் பால் வராது. மனுசனும் அப்படித்தான்.

வேளிமலை

வாங்க அண்ணே, உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். ரப்பர் வாரியம் பல வருடமாகச் சொல்கிற வாரம் ஒரு வெட்டு முறையை நம் பக்கம் ஏன் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை? வெட்டுப் பட்டையில் பால் சுரப்பைத் தூண்டும் எத்திஃபான் மருந்து பூசி, வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் வெட்டுவது. ஆண்டு மொத்தப் பால் பெரிதாகக் குறையாது, பட்டை நிறைய நாள் நிற்கும், மரத்தின் ஆயுள் கூடும். ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டினால் ஒரு ஆள் 700 மரம் பார்க்கலாம். வாரம் ஒரு வெட்டு என்றால் ஆறு நாளுக்கு ஆறு தோட்டம், 2,000 மரம் பார்க்கலாம். அதே வேலை நேரம்தான். ஒரு வெட்டு நாளில் கிடைக்கும் ரப்பர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. உற்பத்தித்திறன் என்று இத்தனை பேர் பேசினோமே, இதைவிடத் தெளிவான உதாரணம் நம் மாவட்டத்தில் இல்லை.

திற்பரப்பு வெட்டு

தெரியும் தம்பி. வாரியத்துக்காரர்கள் வந்து காட்டினார்கள். நான் ஏன் மாறவில்லை என்று சொல்கிறேன். நான் வெட்டுகிற தோட்டக்காரரிடம் 300 மரம். வாரம் ஒரு வெட்டு என்று போனால் மாதத்தில் நாலு நாள்தான் அங்கே வேலை. பழைய மரக் கூலியே கொடுத்தால் எனக்கு மாதம் நாலு நாள் கூலி, அவருக்கு அதே பால். மிச்சம் முழுவதும் அவருக்கு. மீதி 1,700 மரத்துக்கு நான் எங்கே போவேன்? பக்கத்துத் தோட்டத்தில் எல்லாம் வேறு வெட்டுகாரர்கள் இருக்கிறார்களே, அவர்களை வெளியேற்றவா?

வேளிமலை

அப்படியானால் கூலியை மரக்கணக்கில் இருந்து கிலோக்கணக்குக்கு மாற்றினால்? உங்கள் பக்கத்தில் ஆள் இல்லாமல் வெட்டு நின்றுபோன தோட்டங்கள் இருக்கின்றன அல்லவா. ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் மூலமாக அவற்றைச் சேர்த்து, நாலைந்து வெட்டுகாரர்கள் குழுவாக எடுத்தால் யாரையும் வெளியேற்ற வேண்டாம். எங்கள் குடும்பத் தோட்டம் 250 மரம், ஆள் இல்லாமல் கிடக்கிறது. அதில் தொடங்கலாம்.

கருங்கல் கடை

என் மச்சினன் தோட்டமும் அருமனையில் சும்மா கிடக்கிறது. 400 மரம். மருந்துச் செலவு யார் ஏற்பது?

திற்பரப்பு வெட்டு

இப்படிப் பேசினால் நானும் வருகிறேன். என் பக்கத்து நிபந்தனை இது. மருந்தும் மழைக்காப்புப் பிளாஸ்டிக்கும் தோட்டக்காரர் செலவு. கூலி கிலோ கணக்கு, பட்டையிலும் சிரட்டையிலும் உறைந்து நிற்கிற ஒட்டுப்பாலும் அந்தக் கணக்கில் சேரும். ரப்பர் விலை சரிந்தாலும் ஒரு வெட்டு நாளுக்கு இவ்வளவுக்குக் கீழே போகாது என்று எழுதித் தர வேண்டும். விலை ஏறினால் எனக்கும் ஏற வேண்டும். பட்டை வறண்ட மரத்தை அடையாளம் போட்டு விட்டுவிடுவேன், அதை வெட்டச் சொல்லக் கூடாது. இலை உதிர்ந்து புதுத் தளிர் முற்றிய பிறகு வெட்டு தொடங்கும்போது ஆரம்பிக்கலாம். என் கூட இரண்டு பேர் வருவார்கள், அதில் ஒருவர் பெண். அவருக்கும் அதே கிலோக் கூலிதான், அதில் பேச்சு வைக்காதீர்கள்.

வேளிமலை

ஒப்புக்கொள்கிறேன். குறைந்தபட்சத் தொகை எவ்வளவு என்று நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள். சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுவோம், கருங்கல் அண்ணனும் வரட்டும்.